மூன்றாம் வார்டில் ஒருவர்

பெயரைச் சொல்லாமல், விரலையும் நீட்டாமல், ஒருத்தியைக் காட்டிக் கொடுக்க முடியுமா? முடியும். அதுவும் நல்லவர்கள் மூன்று பேர், விதி பிசகாமல் செய்து முடித்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

சுகந்தி பொது நிர்வாகம் படிக்கிறவள். ஆய்வு முறைகள் பாடத்துக்காக வேலங்குளம் நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் அறுபத்து நாலு பேரையும் நேரில் கண்டு, கேள்வி கேட்டு, அறிக்கை எழுதவேண்டும். கூட்டாளி ரிஸ்வான், வகுப்புத் தோழன். கேள்வி கேட்பது அவள் பாடு. விடைகளைக் கணினியில் ஏற்றி அட்டவணை போடுவது அவன் பாடு.

மூன்று மாதம் முன்புதான் அந்த ஊரில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் விஷவாயு தாக்கிச் செத்திருந்தார்கள். 'நான் இறக்கவில்லை, குடித்துவிட்டு அவர்களாக இறங்கினார்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பியிருந்தார் ஒப்பந்தக்காரர் லோகநாதன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

மூன்றாம் வார்டில் தெரு கூட்டுகிறவள் கன்னியம்மா. வயது ஐம்பத்து மூன்று. வீட்டில் கணவன் கை கால் விழுந்து படுத்த படுக்கை. அவள் கூலியில்தான் அவனுக்கு மாத்திரை. சுகந்தி பதினேழாம் கேள்வியைப் படித்தாள்: 'பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் யாரையாவது தொட்டியில் இறக்கியதைப் பார்த்தீர்களா?' கன்னியம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"எம் பேரு எங்கயும் வராதுல்லம்மா? வந்தா வேலை போயிரும்."

"பேரே எழுதலம்மா, பாருங்க, நம்பர் மட்டும்தான். நீங்க சொன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு."

"பாத்தேன். கயிறு கட்டி எறக்குனதே மேஸ்திரிதான். லோகநாதன் பக்கத்துல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தாரு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று மாதம் மென்று விழுங்கியது அல்லவா? சுகந்தி தாளில் 'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். அவ்வளவுதான் போட இடம் இருந்தது.

அறுபத்து நாலு பேரில் ஏழு பேர் 'ஆம்' என்றிருந்தார்கள். மொத்தமாகச் சொல்லாதே, பிரித்துக் காட்டு என்பது வகுப்பில் படித்த பாடம். ரிஸ்வான் வார்டு, ஆண் பெண், வயது என்று பிரித்தான். ஆறு பேர், ஒன்பது பேரும் பன்னிரண்டு பேரும் அடங்கிய வரிசைகளில் கலந்து போனார்கள். ஒரு வரிசை மட்டும் இப்படி வந்தது: மூன்றாம் வார்டு, பெண், ஐம்பதுக்கு மேல். மொத்தம் 1. ஆம் 1.

சுகந்தி அட்டவணையை விரல் வைத்துச் சரிபார்த்தாள். அந்த வரிசையில் விரல் நின்றது.

"என்ன, தப்பா இருக்கா?" என்றான் ரிஸ்வான்.

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

அறிக்கை நகராட்சி ஆணையர் கைக்குப் போனது. நேர்மையான பெண்மணி, படித்ததும் விசாரணையைத் திறந்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் கொடுத்து விளக்கம் கேட்கவேண்டும் என்பது விதி. கொடுத்தார். லோகநாதனுக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனால் தன்னிடம் மூன்றாம் வார்டில் வேலை பார்க்கிற, ஐம்பது தாண்டிய பெண் யார் என்று தெரியும்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் கன்னியம்மா பெயர் இல்லை. பக்கத்து ஊர் ஒப்பந்தக்காரர்களும் அவளைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். மற்ற ஆறு பேரும் இதைப் பார்த்தார்கள். விசாரணையில் பணியாளர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டபோது, நாங்கள் எதையுமே பார்க்கவில்லை என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மிஞ்சியது கன்னியம்மாவின் 'ஆம்' மட்டும். வேலையில்லாதவள் வன்மத்தில் பேசுகிறாள் என்றார் லோகநாதன். கோப்பு மூடப்பட்டது.

சுகந்தி அவள் வீட்டைத் தேடிப் போனாள். கன்னியம்மா ஒரு மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தாள், நாளைக்கும் ஆகும் என்று.

"நான் உங்க பேரை எங்கயும் சொல்லலம்மா."

"நீ சொல்லலன்னு தெரியும்மா," என்றாள் கன்னியம்மா, தலை நிமிராமல். "பேரு ஒண்ணுதான் பாக்கி. மத்ததெல்லாம் சொல்லிட்ட."

இனி உங்கள் பாடு. பெயரை எழுதவில்லையே என்கிறாள் சுகந்தி. அது யாருடைய வரிசை என்றே தெரியாது, எண்ணியது சரி என்கிறான் ரிஸ்வான். நகல் கொடுக்காவிட்டால் விசாரணையே செல்லாது என்கிறார் ஆணையர். மூன்றும் பொய்யில்லை. அப்படியானால் கன்னியம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தது இவர்களில் யார்?

விடை: லோகநாதன் செய்தது பாவம், அதில் புதிர் ஒன்றும் இல்லை. வாக்கை உடைத்தவள் சுகந்தி. மற்ற இருவருக்கும் அது ஓர் எண். அந்த 'ஒன்று' வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். பெயர் வராது என்று மட்டுமா சொன்னாள்? ஒருத்தருக்கும் தெரியாது, நான் பொறுப்பு என்று சொன்னாளே. விரல் நின்ற இடத்தில் வாயைத் திறந்து, 'பிரிக்காதே, அறுபத்து நாலில் ஏழு என்று மட்டும் போடு' என்றிருந்தால் லோகநாதன் அறுபத்து நாலு முகத்தில் தேடியிருப்பார். ஏழு சாட்சியும் நின்றிருக்கும். சரியாக இருக்கிறது என்றாள். அட்டவணை சரியாகத்தான் இருந்தது.