கிணற்றுக்குள்ளிருந்து வந்த அழைப்பு

“இந்தப் போனையெல்லாம் வாங்கிக் கிணத்துல வீசிடலாமுங்களாம்மா?”

வந்த வேகத்தில் மாசிலாமணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

செங்கமலத்தம்மாள் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் அந்த மலையடிவாரத்து மடத்தில் அம்மாதான் குரு, மாசிலாமணி சீடர்.

“ஏனுங்க, போன் என்ன பண்ணுச்சு?”

என்ன பண்ணியிருந்தாலும் அதைக் கொண்டுவந்தவர் மாசிலாமணிதான். கட்டிலில் படுத்தபடியே செல்போனை அமுக்கித் தோட்டத்து மோட்டாரை ஓடவிடும் கருவியை ஊரில் முதலில் வாங்கி மாட்டியவர் அவர். ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆடாதா பின்னே? கரன்ட் வரும் நேரம் பார்த்து, இருட்டில் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த சனங்களல்லவா!

ஆளாளுக்கு வாங்கி மாட்டினார்கள். இப்போது கிணறெல்லாம் தரை தட்டிவிட்டது. தென்னைகள் மட்டை தொங்கி நிற்கின்றன. அடுத்த கோடையைத் தாண்டுமா என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை.

“வெளிநாட்டுத் தோட்டமெல்லாம் பார்த்துட்டு வந்தேனுங்க. இதே போன், இதே கருவி. ஒரு நாட்டுல நம்மளாட்டவே கிணறு காஞ்சு கிடக்குது. இன்னொரு நாட்டுல தண்ணி மேல ஏறியிருக்குது! அங்கேயும் போனைத்தான் பார்க்கறாங்க. பார்த்துட்டு, பாதிப் பேர் மோட்டாரே போடறதில்லை. அதுல அப்படி என்னதான் தெரியுதோ! வயிறு எரியுதுங்கம்மா. நாம என்ன பாவம் பண்ணினோம்?”

அம்மா கூடையை அவர் கையில் கொடுத்தார்.

“மடத்து மோட்டாரைப் போடுங்க.”

“இங்கிருந்தேங்களா?”

“நின்ன இடத்துலிருந்தே.”

மடத்துக்கும் கருவியை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான். அமுக்கினார். தோட்டத்துக் கோடியில் மோட்டார் ஓடத் தொடங்கியது. நல்ல கருவிதான், ஒரு குறை சொல்ல முடியாது.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் போனோடு கிணற்றுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

மாசிலாமணி கூடையும் கையுமாக நின்றார்.

போன் அடித்தது.

“இடுப்பளவு,” என்றார் அம்மா. வைத்துவிட்டார். கிணற்றுக்குள் சிக்னல் கிடைத்ததே பெரிய விஷயம்.

வெகுநேரம் கழித்து மறுபடியும் அடித்தது.

“தொடையளவு.”

அப்புறம், “முழங்கால்.”

மாசிலாமணி பதறிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

போன் அடித்தது.

“இன்னும் இறங்குதுங்க.”

“நான்தான் நிறுத்திட்டேனேம்மா!”

“ஆமா, நீங்க நிறுத்திட்டீங்க.”

வேலிக்கு அந்தப் பக்கம் குப்பண்ணன் தோட்டத்து மோட்டார் ஓடும் சத்தம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. இரண்டு கிணற்றுக்கும் ஊற்று ஒன்றுதான். குப்பண்ணன் வீட்டில் படுத்துக்கொண்டே போட்டிருப்பார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

அடேயப்பா, இந்த அம்மாவை என்னவென்று சொல்வது!

மாசிலாமணி கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். அறுபது வயது ஆள் ஓடுகிற ஓட்டமா அது! படியில் தடதடவென்று இறங்கினார்.

“நீங்க ஏறுங்கம்மா. நான் நிக்கறேன்.”

அம்மா சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போனார்.

மாசிலாமணி கணுக்கால் தண்ணீரில் நின்றபடி குப்பண்ணனைக் கூப்பிட்டார்.

தூக்கக் கலக்கத்தில் குப்பண்ணன் கேட்டார்:

“யாருங்க பேசறது?”

“கிணறு பேசறேனுங்க.”