விதைத் துவரை

தங்கப்பழம் வாத்தியார் தன் ஆசான் வேதமுத்துவை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் கட்டிலில் சாய்ந்தபடி, இருமலும் சிரிப்பும் ஒன்றாக வர, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின வாரம் அதே கட்டிலருகே தங்கப்பழம் தலைகுனிந்து நின்றார்.

"இனி முகாம் வேண்டாம் சார். டவுன் பிள்ளைகளைக் கிராமத்து வீடுகளில் தங்கவைத்தது போதும்."

"என்னடே ஆச்சு?"

"நாங்க தங்கின வீட்டுப் பேச்சியம்மா காட்டில் களையெடுக்கப் போனோம். கடலைச் செடியைத் தவிர எல்லாத்தையும் பிடுங்குங்கன்னு சொன்னேன். ஊடே துவரை போட்டிருந்தாங்க. எனக்குத் தெரியல. ஒரு கன்று பாக்கியில்லாம பிள்ளைகள் பிடுங்கிட்டாங்க."

"பேச்சியம்மா என்ன சொன்னா?"

"ஒரு வார்த்தை சொல்லல. வாழையிலை போட்டு, முட்டை வச்சு, எல்லாருக்கும் சோறு போட்டாங்க. அதுதான் சார் தாங்கல. இனி அந்த ஊருக்குள்ள எந்த முகத்தோட போவேன்? என்ன கொடுத்து ஈடுகட்ட?"

"கொடுக்காத. கேளு."

"எதை?"

"விதைத் துவரை."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை தங்கப்பழம் பிள்ளைகளோடு பேச்சியம்மா வாசலில் நின்றார்.

"விதைக்கத் துவரை வேணும்மா. எங்ககிட்ட இல்ல."

பேச்சியம்மா புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"பிடுங்கினதும் பிடுங்கிட்டு, விதையும் எங்கிட்டயே கேக்கீரா? கடலை எது, துவரை எதுன்னு தெரியாத நீரெல்லாம் ஒரு வாத்தியாரு! பருவம் போச்சே ஐயா! ஏலே செவப்புச் சட்டை, மேலக் கரையில நீதான பிடுங்கின? முழிக்காத, அந்தப் பானையை இறக்கு!"

விதையை அள்ளும்போதும் திட்டினாள். காட்டுக்கு நடக்கும்போதும் திட்டினாள். பிள்ளைகள் குழி தோண்டத் தோண்ட, ஆழம் போதாதென்று திட்டினாள்.

மறுநாள் தங்கப்பழம் ஆசானிடம் ஓடினார்.

"பிள்ளைகள் முன்னாலயே கிழிச்சுட்டாங்க சார்."

"சோறு?"

"போட்டாங்க. இலையெல்லாம் இல்ல. தட்டுல பழைய சோறு, வெங்காயம். தின்னுட்டு அவனவன் தட்டைக் கழுவி வச்சுட்டுப் போங்கன்னுட்டாங்க."

வேதமுத்து அப்படிச் சிரித்தது அப்போதுதான். தங்கப்பழத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தட்டைக் கழுவச் சொல்லிட்டாளா?" என்றார் ஆசான். "அப்ப அடுத்த வருஷமும் போ."

ஐப்பசியில் ஆசான் போய்ச்சேர்ந்தார். பேச்சியம்மா காட்டில் அந்த வருஷம் துவரை பிந்திக் காய்த்தது.