வால் மேல் சத்தியம்

மூங்கில் காட்டில் பத்து நாளாக விடாத மழை. ஒரு கௌதாரி புதரடியில் ஐந்து முட்டைகள் இட்டிருந்தது. ஈரத்தில் முட்டைகள் குளிர்ந்து போகாமல் இருக்க, கூட்டின் மேல் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

காட்டுக்கெல்லாம் கரண்ட் விற்றது நரி. மலையருவியில் நீர்நாய்கள் சக்கரம் சுழலவிட்டு மின்சாரம் எடுத்தன. நரி அதை மொத்தமாக வாங்கி, கம்பி இழுத்து, வளை வளையாக விற்றது. விலை வேர்க்கடலையில்.

அன்று நரி கௌதாரியிடம் வந்தது.

"அம்மணி, நாளை முதல் உன் விளக்குக்கு நாளொன்றுக்கு ஏழு கடலை!"

"இப்போது கொடுக்கும் ஐந்தைப் பொறுக்குவதற்குள்ளேயே இறக்கை நனைந்து தொங்குகிறது, நரியாரே!"

"உனக்கு மட்டும்தான் ஏழு! மற்றவர்களுக்கெல்லாம் பத்து. வெளியே சொல்ல மாட்டேன் என்று வால் மேல் சத்தியம் செய். நாளை உச்சிப்பொழுதுக்குள் ஏழு வரவில்லையென்றால் கம்பியை வெட்டிவிடுவேன்."

கௌதாரி வால் மேல் சத்தியம் செய்தது. பிறகு கடலை கடன் கேட்கக் குளத்துக்கு ஓடியது. அங்கே தவளை மைக் வைத்துப் பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, இரண்டு கடலை கொடு. எதற்கென்று கேட்காதே!"

"நரிக்குத்தானே? என்னிடமே ஒன்பது பிடுங்குகிறார், அக்கா! 'உனக்கு மட்டும்' என்று வேறு சொல்கிறார்!"

"ஐயையோ! வால் மேல் சத்தியம் செய்துவிட்டு இப்படிச் சொல்லலாமா?"

தவளை திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. இன்னொரு முறை சுற்றிப் பார்த்தது.

"அக்கா, எனக்கு ஏது வால்?"

கௌதாரி சிரித்த சிரிப்பில் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தவளை மைக்கைப் பிடித்துக் கத்தியது: "காட்டிலுள்ள பெரியோர்களே! என் விளக்குக்கு ஒன்பது கடலை! உங்களுக்கு எவ்வளவு?"

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் வால் இருந்ததே!

"பேச வேண்டாம்! நான் எண்ணுகிறேன். உங்கள் விலை வந்ததும் குதியுங்கள். சத்தியமும் நிற்கும், சங்கதியும் தெரியும்!" என்றது தவளை. "ஐந்து! ஆறு! ஏழு! எட்டு!"

முயல் தெருவே குதித்தது. பன்னிரண்டு வந்ததும், முறுக்குக் கடை வைத்திருந்த குரங்கு கிளைக்குக் கிளை தாவியது. எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த கரடி மட்டும் அசையாமல் நின்றது. கரடிக்கும் வால் உண்டு. தேடித்தான் பார்க்க வேண்டும்.

"பதினைந்து!"

தொப்பென்று ஒரு சத்தம். குளத்துத் தண்ணீர் கரையேறியது.

"கரடி மாமா! உங்களுக்கா பதினைந்து?"

"தள்ளுபடி என்றல்லவா சொன்னான்!" என்று கரடி முகத்தை மூடிக்கொண்டது.

உடனே தவளை அருவிக்குப் போய் நீர்நாய்களிடம் விசாரித்துவிட்டு வந்தது. "விளக்குக்கு நான்கு கடலை போதுமாம்! ஆனால் நூறு விளக்காவது சேர்ந்தால்தான் கொடுப்பார்களாம். ஆளுக்கொரு கம்பி இழுத்துக்கொண்டிருந்தால் மீன் பிடிக்க நேரம் ஏது என்று கேட்கிறார்கள்!"

கணக்குப் போட்டார்கள். வீடுகளும் முறுக்குக் கடையும் தவளையின் மைக்கும் சேர்ந்து நாற்பத்து மூன்று. கரடியின் செக்கு ஒன்றே அறுபது விளக்கின் கரண்டைக் குடிக்கும். மொத்தம் நூற்று மூன்று! குரங்கு ஆனந்தத்தில் முறுக்கை அள்ளி வீசியது.

மறுநாள் காலை கரடி தலையைச் சொறிந்துகொண்டே வந்தது.

"நான் வரவில்லை. வேறு வழி கிடைத்துவிட்டது."

"நரி வந்தாரா?" என்று கேட்டது கௌதாரி.

"சொல்லக் கூடாது."

"எத்தனை கடலை என்றார்?"

கரடி மூன்று முறை குதித்தது.

முயல்களின் காதுகள் தொங்கின. கரடி இல்லாமல் நூறு சேராது. உச்சிப்பொழுதும் நெருங்கிவிட்டது.

"மாமா, நீங்கள் செக்கு தொடங்கியபோது நரி என்ன விலை சொன்னார்?" என்று கேட்டது கௌதாரி.

கரடி யோசித்தது. மூன்று முறை குதித்தது. சட்டென்று நின்றது.

"மூன்று எப்போது பதினைந்தானது?" என்று கேட்டது கௌதாரி.

"ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் ஏறியது…"

"நேற்று நாங்கள் ஒன்று சேர்ந்ததால்தான் இன்று மறுபடியும் மூன்று. நாங்கள் கலைந்துவிட்டால் நாளை என்ன விலை, மாமா?"

கரடி கணக்குப் போட்டுப் பார்த்தது. குதிக்கக் கால் வரவில்லை.

"என் செக்கடியில் கம்பிச் சுருள் கிடக்கிறது. எடுங்கள்!" என்று உறுமியது.

அதே நேரம் நரி கம்பியை வெட்டியது. பல்பு அணைந்தது. கௌதாரி ஓடிப்போய் ஐந்து முட்டைகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது.

கரடி கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்கு ஓடியது. குரங்கு மரத்துக்கு மரம் கம்பியை இழுத்தது. முயல்கள் கூட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டின. தவளை மைக் இல்லாமலேயே கத்தியது: "இடப்பக்கம்! உன் இடப்பக்கம் இல்லையடா, என் இடப்பக்கம்!" குரங்கு இரண்டு முறை கம்பியில் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது.

நீர்நாய்கள் மின்சாரத்தைப் புதுக் கம்பிக்குத் திருப்பிவிட்டன. பல்பு மினுக்கியது. அணைந்தது. பிறகு பளிச்சென்று எரிந்தது!

வாங்க ஆளில்லாத நரி, தன் கம்பியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த காட்டுக்குக் கிளம்பியது.

மூன்றாம் நாள் ஐந்து குஞ்சுகளும் ஓட்டை உதறிவிட்டு ஓட்டமெடுத்தன. கடைசிக் குஞ்சு நேராகக் கரடியின் கால் விரல்களுக்கிடையே புகுந்து தூங்கிவிட்டது. அன்று மாலை வரை கரடி அசையவே இல்லை, செக்கும் ஓடவில்லை.

விலையை ஒளித்து வைத்துத் தனித்தனியே வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். வெளிப்படையாகப் பேசி ஒன்றாக வாங்குகிறவர்களே நன்றாக வாழ்வார்கள்.