சாய்ந்த கப்பலில் சாப்பாடு

சாவகத்தீவுக்குப் போக ராஜா கப்பல் தேடினார். துறைமுக அதிகாரி வல்லபராயர் தம்முடைய தங்கமுலாம் பூசிய கப்பலைக் காட்டினார்.

"வேண்டாம் மகாராஜா, நாங்க உயிரோட திரும்பணும். பக்கத்துல நிக்கிற சின்னக் கப்பலே போதும்," என்றாள் கப்பல் சமையல்காரி செங்கமலம்.

ராயர் சீறினார். "அந்தச் சின்னக் கப்பல்தான் நல்லதென்று கரையை விட்டு நகராமல் இங்கேயே நிரூபி! இல்லாவிட்டால் உனக்கு வேலை இல்லை."

"ஆகட்டும் சாமி. முதல்ல உங்க கப்பல்ல சாப்பிட உக்காருங்க."

விசாலமான அறையில் ராயர் இலை முன் அமர்ந்தார். செங்கமலம் கண்காட்ட, கரையில் நின்ற மாலுமிகள் பாய்மர உச்சியில் கட்டிய கயிற்றை இழுத்தார்கள். கப்பல் சாய்ந்தது. ராயர் குழம்போடு உருண்டுபோய் எதிர்ச்சுவரில் முட்டினார்.

அடுத்து ராஜா, ராயர் எல்லோரையும் ஏற்றிச் சின்னக் கப்பலைச் சாய்த்தார்கள். குறுகலான அறை, எட்டிய இடமெல்லாம் கைப்பிடி. தொங்கும் அடுப்பில் குழம்பு ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எது நல்ல கப்பல்?" என்றார் ராஜா.

செங்கமலம் தலைநிமிர்ந்தாள். "என்னை எதுக்குக் கேக்கணும் மகாராஜா? ராயர் எதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு பாருங்க!"