உம் கொட்டிய கல்

தொட்டியில் முதலில் மாறியது தண்ணீர்தான். ஒருநாள் லேசாகக் கரித்தது. அடுத்த வாரம் இன்னும் கரித்தது. செடிகள் நுனியிலிருந்து பழுத்து, குழைந்து, கரைந்தே போயின. வீட்டுக்காரர் மிக்கேல் உப்பைக் கரைத்து ஊற்றுவதை அஞ்சனி என்ற கறுப்பு மோலி மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரோ வரப்போறாங்க,” என்றது அஞ்சனி. “இந்தத் தண்ணி நமக்காக இல்ல.”

“உனக்கு எதைக் கண்டாலும் பயம்,” என்றது வெள்ளைச்சி. அதுவும் மோலிதான், உடம்பு முழுக்க வெள்ளை. “வயித்துல குஞ்சு இருந்தா அப்படித்தான் தோணும்.”

அஞ்சனியின் வயிறு கனத்திருந்தது. போன முறை அது போட்ட குஞ்சுகளை வெள்ளைச்சி ஒன்று விடாமல் தின்றுவிட்டது. கண்ணாடித் தொட்டியில் அதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனாலும் அஞ்சனியால் மறக்க முடியவில்லை.

தண்ணீர் நன்றாகக் கரித்த பிறகு, மிக்கேல் ஒரு வாளியைத் தொட்டிக்குள் சரித்தார். அதிலிருந்து ஒரு கல் விழுந்தது. சேற்று நிறம். மேலெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது. ஓரங்களில் தோல் பிய்ந்ததுபோல் ஏதோ தொங்கியது. ஒரு பக்கத்தில் அகலமான வெடிப்பு. விழுந்த இடத்தில் மணலுக்குள் பாதி புதைந்தது. அப்புறம் அசையவில்லை.

அந்தக் கல் பேசும் என்று முதலில் கண்டுபிடித்தது தோகையன் என்ற கப்பி மீன். அதன் அழகான வாலை விசிறி என்ற ஏஞ்சல் மீன் கடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் தோகையன் அடியில் ஒதுங்கி, “இந்த விசிறி ஒழிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!” என்று புலம்பியது.

“ம்,” என்றது கல்.

கதை கேட்பவர் உம் கொட்டுவதுபோல் இருந்தது அது. மணல் லேசாக அதிர்ந்தது.

மறுநாளே மிக்கேல் வலையை விட்டு விசிறியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். உண்மையில் விசிறிக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதை யார் யோசித்தார்கள்?

“நான் சொன்னேன். கல் கேட்டுச்சு,” என்றது தோகையன்.

அன்றிலிருந்து தொட்டியில் ஒரு வழக்கம் வந்தது. யார்மேல் கோபமோ, அவர் பெயரைக் கல்லிடம் சொல்ல வேண்டும். தனியாகத்தான் போக வேண்டும். அந்த வெடிப்புதான் கல்லின் காது. எவ்வளவு கிட்டே போய்ச் சொல்கிறோமோ அவ்வளவு பலன்.

கப்பிகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. ஒன்று காணாமல் போனால், யாரோ அதன் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்று மற்றவை முணுமுணுத்தன. தன் பெயர் போவதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்று அடுத்தது அவசரப்பட்டது. கடைசியில் தோகையனும் இல்லை. வலை வரவில்லை. உடல் மிதக்கவில்லை. வாலின் ஒரு துணுக்கு மட்டும் வடிகட்டியில் ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது.

“அவன் பேரைச் சொன்னது நான்தான்,” என்றது வெள்ளைச்சி. “இனிமே தீனி விழுற மூலை எனக்கு. குறுக்கே வந்தே, உன் பேரும் போகும். குஞ்சு போடுறப்போ என்னைக் கூப்பிடு, என்ன? தேடி அலைய வைக்காதே.”

அஞ்சனி அந்த மூலையை விட்டு விலகியது. வயிறு கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. குஞ்சுகள் வரும் நேரம்தான். வெள்ளைச்சியின் பெயரைத் தான் முந்திச் சொல்லிவிட்டால் என்ன?

நண்பகல். வீட்டில் யாரும் இல்லை. மின்சாரம் போய், விளக்கும் காற்றுக் குழாயும் நின்றிருந்தன. குமிழி இல்லாத தண்ணீர் கெட்டியாக நின்றது. அஞ்சனி கீழே இறங்கியது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த சுருளன் என்ற நத்தை, “நீயுமா?” என்று கேட்டது.

“வேற வழி இல்ல, சுருளா. சொல்லிட்டு வந்துடறேன்.”

“தோகையனும் இதையே சொல்லிட்டுத்தான் போனான்.”

அஞ்சனி நின்றது. “எப்போ?”

“காணாமப் போன அன்னிக்குத்தான். வெள்ளைச்சி பேரைச் சொல்லப் போறேன்னான்.”

“வெள்ளைச்சியும் போனாளா?”

“அவளா? அவ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. வாய்தான் பெரிசு.”

சொல்லப் போனது தோகையன். சொல்லப்பட்டது வெள்ளைச்சி. போனதோ தோகையன்! கல்லை மறுபடி பார்த்தது. “எல்லாக் கல்லுலயும் பாசி இருக்கு. இதுல மட்டும் ஏன் இல்ல?”

“தெரியல. ஒருநாள் மேல ஏறிப் பார்த்தேன். மெத்துன்னு இருந்துச்சு. இறங்கிட்டேன்.”

“யார்கிட்டயும் ஏன் சொல்லல?”

“யாராவது கேட்டீங்களா? எல்லாரும் கல்லுகிட்டதானே பேசினீங்க.”

“ம்,” என்றது கல். இம்முறை அதனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அஞ்சனி சட்டென்று மேலே திரும்பியது. அங்கே வெள்ளைச்சி பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தாலே போதும் என்று அஞ்சனிக்குத் தோன்றியது. தன் பெயர் போய்விடுமோ என்று பயந்து, முந்திக்கொள்ள வெள்ளைச்சி தானாகவே போய் விழும். குஞ்சுகள் பிழைக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு குற்றமா? ஆனால் மூடிய வாயோடு அதனால் வெள்ளைச்சியைக் கடந்து போக முடியவில்லை.

“கல்லுகிட்ட போகாதே,” என்றது. “பேர் சொல்லப்பட்டவங்க போகல. சொல்லப் போனவங்கதான் போனாங்க.”

வெள்ளைச்சி சிரித்தது. “நீ இப்ப எங்க போயிட்டு வர்றே? என் பேரைச் சொல்லத்தானே?”

“சொல்லத்தான் போனேன். சொல்லல.”

“என்னைத் தடுத்துட்டு நீ முந்திக்கலாம்னு பார்க்கிறே.”

அஞ்சனி குறுக்கே வந்தது. வெள்ளைச்சி அதை இடித்துத் தள்ளிவிட்டுக் கீழே பாய்ந்து, வெடிப்பின் விளிம்பில் வாயை வைத்தது. “அஞ்சனி,” என்றது. “அவ பேரு அஞ்ச…”

காது திறந்தது. அது காது இல்லை.

தண்ணீர் ஒருமுறை குலுங்கியது. மணல் எழும்பி அடங்கியது. வெள்ளைச்சி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வெடிப்பு மூடிக்கொண்டது. அதற்கு மேலே, பொரிகளுக்கு நடுவே, இரண்டு கண்கள் அஞ்சனியைப் பார்த்தன. அவை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சேற்றோடு சேறாகக் கிடக்கும் தவளைமீன் அது. அதற்காகத்தான் மிக்கேல் அத்தனை உப்பைக் கரைத்தார்.

“நான் யாரையும் கூப்பிடல,” என்றது தவளைமீன். குரல் மணலுக்குள்ளிருந்து வந்தது. “எனக்குத் துரத்தத் தெரியாது. உம் கொட்டத்தான் தெரியும். நீயும் ஏதோ சொல்ல வந்தியே. கிட்ட வந்து சொல்லு.”

“ஒண்ணுமில்ல.”

“உன் குஞ்சையெல்லாம் தின்னாளாமே. கோபம் இல்லையா?”

“இருந்துச்சு.”

“ம்?”

அஞ்சனி மேலே போய்க் காற்றுக் குழாயின் பின்னால் ஒதுங்கியது. அங்கேதான் குஞ்சுகள் பிறந்தன. கறுப்புப் புள்ளிகளாக நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டன. கொஞ்சம் வளர்ந்ததுமே இடத்துக்குச் சண்டை வந்துவிட்டது.

“அம்மா, இவன் என்னை இடிக்கிறான்,” என்றது ஒரு குஞ்சு. “கீழே ஒரு கல், என்ன என்னன்னு கேக்குது. அதுகிட்ட போய்ச் சொல்லட்டுமா?”

“என்கிட்ட சொல்லு,” என்றது அஞ்சனி. “இவன் முன்னாலயே சொல்லு.”

கீழே கல் உம் கொட்டியது.

அடுத்தவர் அழிய வேண்டும் என்று மறைவில் போய்க் கோள் சொன்னால், அந்தக் கோள் முதலில் விழுங்குவது சொன்னவரைத்தான்.