பிரிந்தவர்களுக்கு ஒரே வவுச்சர்

விருதுநகர் பவுன்ராஜும் அவன் மனைவி ஜெயக்கொடியும் பிரிந்ததற்குக் காரணம் மின்விசிறி. அவனுக்கு ஐந்தில் ஓட வேண்டும், அவளுக்கு இரண்டில். மூன்றரை என்று ஓர் எண் அந்த ரெகுலேட்டரில் இல்லாததால் விஷயம் கோர்ட் வரை போய் முடிந்தது.

பாத்திரம் பண்டமெல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. மிஞ்சியது ஒரு விமான வவுச்சர். போன வருஷம் டெல்லி விமானம் ரத்தானபோது விமானக் கம்பெனி டிக்கெட் பணத்துக்குப் பதிலாக இருவர் பெயரிலும் கொடுத்தது. இந்த மாதத்தோடு காலாவதி. இருவருமே விமானம் ஏறியதில்லை. ஏறப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்கள். எப்படி விட்டுக்கொடுப்பது?

'பத்திரமாக வைத்துக்கொள்ளவும்' என்று கம்பெனி சொல்லியிருந்ததால், வவுச்சர் வந்த பவுன்ராஜின் செல்போனையே அவன் தாய்மாமா இருளப்பன் பீரோவில் கட்டிவைத்திருந்தார். யாராவது கூப்பிட்டால் பவுன்ராஜ் பீரோவுக்குள் தலையை விட்டுத்தான் பேசுவான்.

ஜெயக்கொடியின் அண்ணன் சீனிராஜ் தங்கையோடு வந்து பீரோவைத் திறக்கச் சொல்லி, கம்பெனிக்குப் போன் போட்டான்.

"லைன்ல இருங்க சார்" என்றது ஒரு பெண்குரல்.

நால்வரும் எழுந்து வரிசையாக நின்றார்கள். யார் முதலில் நிற்பது என்று கொஞ்சம் தள்ளுமுள்ளு. இருபது நிமிஷம் அப்படியே நின்ற பிறகு குரல் திரும்ப வந்தது.

"வவுச்சரைப் பிரிக்க முடியாது சார். ரெண்டு பேரும் சேர்ந்துதான் போகணும். ஒருத்தர் மட்டும் போனா பாதி மதிப்புதான்."

இருளப்பன் முகம் இருண்டது. "பாதி மதிப்புன்னா பாதி தூரம்தான் கூட்டிட்டுப் போவாங்க."

"பாதியில எறக்கிவிட்டா, கீழ ஆறு இருந்தா என்ன பண்றது பெரியப்பா? தங்கச்சிக்கு நீச்சல் தெரியாதே" என்றான் சீனிராஜ்.

"இவரோட நான் சேர மாட்டேன்" என்றாள் ஜெயக்கொடி.

இருளப்பன் வெகுநேரம் யோசித்தார். "கோர்ட்டு பிரிஞ்சிருக்கச் சொல்லுது, கம்பெனி சேர்ந்து போகச் சொல்லுது. ரெண்டையும் மீறக் கூடாது. ஒரே விமானம். ஒருத்தர் மூக்குல, ஒருத்தர் வாலுல."

எல்லோருக்கும் திருப்தி. பவுன்ராஜுக்கு முதல் வரிசை, ஜெயக்கொடிக்குக் கடைசி வரிசை. போக வர அதே சீட்டு, மாற்ற முடியாது.

டெல்லியில் இறங்கிய பவுன்ராஜ் யாரிடமோ போன் இரவல் வாங்கி, பீரோவுக்குள் இருந்த போனுக்குக் கூப்பிட்டான். "நான் வந்து சேர்ந்துட்டேன் மாமா."

இருளப்பன் பக்கத்திலிருந்த சீனிராஜ் துள்ளி எழுந்தான். "மச்சான் மூக்குல உக்காந்தாரே! அப்ப என் தங்கச்சிக்கு முப்பது வரிசை முந்தியே டெல்லி சேர்ந்திருப்பாரே! எங்க குடும்பம்னா அவ்வளவு எளக்காரமா?"

இருளப்பன் நியாயஸ்தர். "நீ சொல்றது சரிதான்யா. வரும்போது உன் தங்கச்சிதான் முதல்ல வரணும்."

அன்றைக்கே இருளப்பனும் சீனிராஜும் கையெழுத்துப் போட்டு, திரும்பும்போது விமானத்தை ரிவர்ஸில் ஓட்டிவரும்படி கம்பெனிக்கு மனு எழுதினார்கள். பைலட் சிரமப்படக் கூடாதென்று அடியில் ஒரு வரியும் சேர்த்தார்கள்: "பின்னால் பார்க்க ஆள் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். கடைசி வரிசையில் இருக்கும் ஜெயக்கொடி ஜன்னலைத் தட்டி, 'வரலாம், வரலாம்' சொல்லிக்கொண்டே வருவாள்."