கடிபட்ட தள்ளுகட்டை

பல் டாக்டர் சுந்தரவடிவேலுக்கு ஊரார் வாய்க்குள் மெஷினை விட்டு இருபத்தைந்து வருசப் பழக்கம். ஆனால் காளியண்ணன் பட்டறையில் விலைக்கு வந்திருந்த பழைய இழைப்பு மெஷின் முன்னால் நின்றபோது அவருக்கே வாய் உலர்ந்துவிட்டது.

இரும்பு மேசை. நடுவே ஒரு பிளவு. பிளவுக்குள் சுழலும் பிளேடு. மேலே மரத்தை வைத்துத் தள்ளினால் வழுவழுவென்று வரும். கை வழுக்கினால் என்ன வரும் என்பதை அவர் மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். கார் ஷெட்டில் மரவேலை பார்ப்பீர்களோ மண்சோறு ஆக்குவீர்களோ, எனக்குத் தெரியாது. இந்த வீடு ஓடுவது அந்தப் பத்து விரலில், ஒன்று குறைந்தாலும் கிளினிக்கை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று.

கூட வந்திருந்தவர் நவமணி டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டருக்குத் தச்சு சொல்லிக்கொடுப்பவர். டாக்டரைவிடப் பதினெட்டு வயது சின்னவர்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அதில் பன்னிரண்டு கேள்வி. மோட்டார் சூடேறுமா, பிளேடு ஆடுமா, மரத்தைத் திருப்பி எறியுமா... எல்லாவற்றுக்கும் காளியண்ணன் கோயில் மைக் மாதிரி ஒரே ராகத்தில் பதில் சொன்னார். ஆடாதுங்க. எறியாதுங்க. பசுமாடு மாதிரிங்க, பச்சைப் புள்ளகூடப் பக்கத்துல நிக்கலாங்க.

பதில் நல்லதாக வர வர டாக்டருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் இன்னொருத்தர் வண்டியோடு வருகிறாராம், அது வேறு.

டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டுப் போனார்.

"இவர் சொல்றதை நம்பலாமா டீச்சர்?"

"உங்ககிட்ட வர்றவங்க வலிக்குமான்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"வலிக்காதுன்னுதான்."

"வலிக்குமா?"

டாக்டர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டீச்சர் காளியண்ணனிடம் போய்த் தள்ளுகட்டையைக் கேட்டார். பிளேடு பக்கம் விரல் போகாதிருக்க, பிடி வைத்த பலகைத் துண்டு ஒன்றால் மரத்தை அழுத்தித் தள்ளுவார்கள், அதுதான். காளியண்ணனின் ராகம் முதல் தடவையாக அறுந்தது. அது பழசுங்க அம்மிணி, பார்க்க நல்லாயிருக்காது, புதுசு ஒண்ணு செஞ்சு தர்றேன் என்று மழுப்பினார். டீச்சர் நீட்டிய கையை மடக்கவில்லை.

கட்டை வந்தது. எலி தின்ற தேங்காய்ச் சில் மாதிரி இருந்தது. முனையே இல்லை. அடியெல்லாம் கடிமேல் கடி.

டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். "பசுமாடுன்னாரே! கிளம்பிடலாம் டீச்சர். இந்தக் கடி என் விரல்ல விழுந்திருந்தா?"

டீச்சர் காளியண்ணன் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருசம் ஓட்டினீங்கண்ணா?"

"பதினாறுங்க."

"கையைக் காட்டுங்க."

காளியண்ணன் கூச்சத்தோடு இரண்டு கையையும் விரித்தார். டாக்டர் பல் எண்ணுகிறவர் மாதிரி இடமிருந்து வலம் எண்ணினார். நம்பாமல் வலமிருந்து இடம் எண்ணினார். பத்து.

டீச்சர் அந்தக் கட்டையை டாக்டர் கையில் வைத்தார்.

"மெஷினோட இதையும் கேட்டு வாங்கிக்குங்க."

"வாங்கிக்கிறேன். ஆனா எனக்கு இன்னும் பயம் போகலையே."

"இருக்கட்டும். ஒரு வருசம் ஓட்டுங்க, வந்து பார்ப்பேன். இந்தக் கட்டையில புதுக் கடி ஒண்ணும் இல்லேன்னா, அப்ப உங்க கையைக் காட்டச் சொல்வேன்."